மஞ்சள் மூடி பாட்டில்

ஒரு வாரம் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தேன். வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் நுழைந்தால், மஞ்சள் மூடி போட்ட என் பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. பையை அப்படியே கீழே போட்டேன்.

க்ரீமைப் புளிக்க வைத்து வீட்டிலேயே வெண்ணெய் எடுப்பது என் பைத்தியம். கடை வெண்ணெயை என் வாய் தொடாது. கிளம்புவதற்கு முன் இரண்டு பாட்டில் க்ரீமிலும் ஒவ்வொரு ஸ்பூன் தயிர் விட்டு உறை ஊற்றிவிட்டுப் போனேன். நீல மூடியில் இருந்தது நன்றாகக் காய்ச்சி ஆறவைத்த க்ரீம். மாசமாக இருக்கும் என் தங்கச்சிக்கு. அவளும் அவள் வீட்டுக்காரரும் என்னோடுதான் இருக்கிறார்கள். மஞ்சள் மூடியில் இருந்தது பண்ணையிலிருந்து வந்த, அடுப்பையே பார்க்காத க்ரீம், எனக்கு. காய்ச்சாததில் வரும் வாசனையே தனி. ஆனால் அதில் ஒரு பொல்லாத கிருமி இருந்தாலும் இருக்கும். நம்மை மாதிரி ஆட்களை வயிற்றைக் கலக்கிவிட்டுப் போய்விடும். வயிற்றில் இருக்கும் பிள்ளையை அப்படி விடாது. தங்கச்சிக்கு ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை. இதுதான் ஏழாம் மாதத்தைத் தொட்டிருக்கிறது.

"மஞ்சள் மூடியை யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். ஏன் எதற்கு என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை நான். சொன்னால் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

தங்கச்சி வீட்டுக்காரர் மேஜையில் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெண்ணெய்க் கிண்ணம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். வாயில்லாப் பூச்சி.

"மாப்பிள்ளை, மஞ்சள் மூடி என்னாச்சு?"

"அது கெட்டுப்போச்சுக்கா. கொட்டிட்டேன்."

"அப்ப இந்த வெண்ணெய் எதுல எடுத்தது?"

"நீலத்துலதான்."

போன உயிர் திரும்பி வந்தது. என்னுடைய பாட்டிலைக் கொட்டியதற்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்றுகூட நினைத்தேன். தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பின்வரிசையில், ஊறுகாய்க்குப் பின்னால், நீல மூடி பாட்டில் நின்றது. எடுத்துத் திறந்தேன். கழுத்துவரை க்ரீம். மேலே படிந்த ஆடைகூடக் கலையவில்லை.

வெண்ணெய்க் கிண்ணத்தில் ஒரு ஓரம்தான் மிச்சம் இருந்தது. விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். எனக்கென்று நான் எடுக்கிற வெண்ணெயின் ருசி அது.

"மாப்பிள்ளை, நீல பாட்டில் அப்படியே இருக்கு" என்றேன்.

ரொட்டி நறுக்கிய கை நின்றது.

"ரெண்டையும் திறந்து மோந்து பார்த்தேன்க்கா. மஞ்சள்தான் அவ்வளவு வாசமா இருந்துச்சு. வாசம் பார்த்துத்தான் எடுக்கணும்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க. நல்லதை உங்களுக்குன்னு எடுத்து வெச்சுக்கிட்டீங்களோன்னு நெனச்சேன். மாசமா இருக்கிறவ, அவ சாப்பிடட்டுமேன்னு..." கத்தியைக் கீழே வைத்தார். "கை கடுக்கக் கடுக்கக் குலுக்கினேன். மணி மணியா திரண்டு வந்துச்சு. மோரை வடிச்சிட்டு, ஐஸ் தண்ணி தெளியிற வரைக்கும் கழுவினேன். எல்லாம் நீங்க செய்யிற மாதிரியேதான்க்கா."

"அப்புறம் ஏன் பொய் சொன்னீங்க?"

"திட்டுவீங்கன்னு."

அது காய்ச்சாத க்ரீம் என்று சொன்னேன். கிருமியைப் பற்றியும் சொன்னேன். அவர் வெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தார். அவள் தினமும் காலையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்று மட்டும் சொன்னார்.

டாக்டருக்குப் போன் போட்டேன். "பதறாதீங்க, எல்லாருக்கும் வந்துடாது" என்றார் அவர். "காய்ச்சல் இருந்தா மட்டும் உடனே கூட்டிட்டு வாங்க. சீக்கிரமா ஆரம்பிச்சா மருந்து இருக்கு. நாள் கடந்துட்டா குழந்தைக்கு என்னால உறுதி சொல்ல முடியாது. எப்பலேருந்து காய்ச்சல்னு சரியா சொல்லுங்க, அதை வெச்சுத்தான் எல்லாம்."

தங்கச்சியின் அறைக்கு ஓடினேன். புழுக்கத்தில் எனக்கு முதுகெல்லாம் வேர்த்திருந்தது. அவள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

"எப்பலேருந்துடி?"

"காலையிலேருந்துதான்க்கா. சாதாரணச் சளி. நீங்க ரெண்டு பேரும் பேசினது கேட்டுச்சு. அவரை ஒண்ணும் சொல்லாத."

காலையிலிருந்துதான். இன்றைக்குத்தான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவளைக் கிளப்பினேன். மாப்பிள்ளையும் கூட வந்தார். டாக்ஸியில் வழி முழுக்க அவள் வயிற்றிலிருந்து என் கையை எடுக்கவில்லை. உள்ளே அசைகிறதா, வண்டிதான் குலுங்குகிறதா என்று தெரியவில்லை. இன்றைக்குத்தான், இன்றைக்குத்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கையில் ஊசி போட நரம்பைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"காய்ச்சல் எப்பலேருந்து இருக்கு?"

"இன்னைக்குக் காலையிலேருந்து" என்று நான் முந்திக்கொண்டேன்.

தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளையும் என் முகத்தைத்தான் பார்த்தார். நர்ஸ் எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அவங்களைப் பார்க்காதீங்கம்மா. என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

"நாலு நாளா" என்றாள் தங்கச்சி.

டாக்டரைக் கூப்பிடப் போன நர்ஸ் கதவைத் தாண்டியதும் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் தங்கச்சியின் பக்கம் குனிந்தேன். அவளுடைய தலையைத் தடவ வேண்டும் என்று கையை நீட்டினேன்.

அவள் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக்க மூடினாள்.

"திட்டாதக்கா" என்றாள்.