பச்சைச் சேவல்

பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு கோழி வறுவல் கம்பெனியின் கடையை அவன் எடுத்து நடத்திவந்தான். தொப்பி போட்ட சிவப்புச் சேவல்தான் கம்பெனியின் சின்னம். அதை எங்கே போடலாம், எந்த நிறத்தில் போடலாம் என்பதற்கெல்லாம் விதி இருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதோடு அவன் அதை மறந்துவிட்டான்.

அடுத்த தெருவில் அவன் தங்கை ஜூஸ் கடை திறந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன்காரனுக்கு மனசு கேட்கவில்லை. பெயின்டரைக் கூட்டிப்போய் அவள் போர்டிலும் அதே சேவலை வரையச் சொன்னான், ஜூஸுக்குப் பொருத்தமாகப் பச்சை நிறத்தில்.

"ஜூஸ் கடைக்கு எதுக்குண்ணா சேவல்? யாராவது கேட்டா?"

"கேட்டா நான் பாத்துக்கறேன். நான் எதுக்கு இருக்கேன்?"

கேட்டார்கள். கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரியம்மா அந்தப் போர்டின் படத்தைச் செல்போனில் காட்டினாள். "இது யார் கடை சார்?"

கடையே கைவிட்டுப் போய்விடும் என்று பயந்தான். "தெரியலையே மேடம். எவளோ நம்ம சின்னத்தைத் திருடியிருக்கா."

"அப்ப வாங்க, நேர்லயே கேட்டுடலாம்."

தட்டிக்கழிக்க வழியில்லை. கூடப் போனான். அவனைப் பார்த்ததும் தங்கை முகமெல்லாம் சிரிப்பாக, "வாண்ணா!" என்றாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று தங்கையைக் கேட்டாள் அதிகாரி.

அவன் தரையைப் பார்த்தான். தங்கை ஒரு கணம் அவனையே பார்த்தாள்.

"கடைக்கு வர்ற எல்லாருமே எனக்கு அண்ணன்தாம்மா. சேவல் நானாத்தான் போட்டேன். தப்புன்னு தெரியாது. இப்பவே மறைச்சிடறேன்."

ஸ்டூலில் ஏறிப் பழைய பேப்பரை ஒட்டத் தொடங்கினாள். ஸ்டூல் ஆடியது. பிடிக்க நீண்ட அவன் கை, அதிகாரி பார்க்கிறாள் என்றதும் பின்வாங்கியது.

திரும்பும் வழியில் அதிகாரி, "அந்தப் பொண்ணு மேல ஒரு புகார் எழுதிக் குடுத்துடுங்க," என்றாள்.

அவன் நின்றுவிட்டான். "அவ என் கூடப்பொறந்தவ மேடம். வரையச் சொன்னது நான்தான்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இதை அங்கயே சொல்லியிருக்கலாமே சார்."

கம்பெனி ஓர் எச்சரிக்கையோடு விட்டது. கடை தப்பியது. சேதி தெரிந்ததும் தங்கையிடம் ஓடினான்.

"உண்மையைச் சொல்லிட்டேன்மா. பிரச்சினை எதுவும் இல்ல. கோவமா?"

"கோவம் எல்லாம் இல்லண்ணா." அவள் மிக்ஸியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "உன் பொழைப்பு போயிடக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். 'இல்ல, இவ என் தங்கச்சி'ன்னு நீ குறுக்க பேசுவேன்னு நெனச்சேன். ஸ்டூல்ல ஏறுற வரைக்கும் நெனச்சேன்."

ஒரு கிளாஸ் ஜூஸை அவன் முன் வைத்துவிட்டு, அவள் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனாள். குடிக்கவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் அவன் உட்கார்ந்திருந்தான்.