கதவோரம் ஒட்டிய பக்கம்

எங்கள் வகுப்பில் யாரும் தான் எழுதியதைத் தானே வாசிக்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவர்தான் வாசிக்க வேண்டும். டீச்சர் போட்ட சட்டம். அதனால் என் தோழி ஊமைக்கோட்டான் எழுதியதை ஓட்டைவாயான நான் வாசிக்க வேண்டியதாயிற்று.

போரில் இழந்தவர்களைப் பற்றி ஆளுக்கொரு பக்கம். அவள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். போரின் கடைசி மாதத்தில் மருந்து வாங்கப் போனவர் திரும்பவில்லை. இருக்கிறாரா இல்லையா, யாருக்கும் தெரியாது. அவள் அம்மா மட்டும் இன்னும் அவர் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு வைக்கிறார்.

வாசிப்பு நாளில் பெற்றோர் வந்து உட்கார்ந்தார்கள். முன்சுவரில் கொட்டை எழுத்தில் ‘மறைந்தவர்களின் நினைவாக’ என்று டீச்சர் ஒட்டியிருந்தார். நல்லெண்ணம்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அம்மா வருவாங்கன்னு நெனைக்கவே இல்லடி.” ஊமைக்கோட்டான் என் கையைப் பிடித்தாள். “அவங்க முன்னாடி அப்பாவைச் சாகடிச்சிடாத.”

“நீ எழுதினதத்தானே வாசிக்கப்போறேன்?”

“அந்த எழுத்துக்குக் கீழ நின்னு வாசிச்சா அதானே அர்த்தம்?”

என் முறை வந்ததும் நேரே பின்னால் போய்க் கதவருகே நின்றுகொண்டேன். “இங்கிருந்தே வாசிக்கிறேன் டீச்சர்.” எல்லாரும் கழுத்தைத் திருப்பினார்கள்.

சமையலறைக் குழாய் சொட்டுகிறதாம். பெரிய நிபுணர் மாதிரி அப்பா அதைக் கழற்றுகிறாராம். தண்ணீர் பீய்ச்சியடிக்க, விரலால் அடைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிடுகிறாராம். வகுப்பே சிரித்தது. அவள் அம்மா சிரிக்கவில்லை. எழுந்து என்னிடம் வந்தார்.

“விரல் இல்ல,” என்றார். “என் புதுத் தலையணை உறையைத் திணிச்சு அடைச்சார். அதையும் எழுதச் சொல்லு. விட்டா ரொம்ப நல்லவராயிடுவார்.”

சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரல். ஊமைக்கோட்டான் ஓடிவந்து, தாளைக் கதவில் வைத்து அதையும் எழுதினாள். கண்ணீர் விழுந்து மை கொஞ்சம் கலைந்தது.

டீச்சர் தாளை வாங்கிக்கொண்டு முன்சுவருக்குத் திரும்பினார்.

“அங்க வேணாம் டீச்சர்,” என்றார் அம்மா. “ கதவுகிட்டயே இருக்கட்டும். அவர் வந்தா மொதல்ல கண்ணுல படும். படிச்சுட்டு எங்கிட்ட சண்டைக்கு வருவார்.”

டீச்சர் கதவோரச் சுவரில் தன் முகத்துக்கு நேராகத் தாளை வைத்துப் பார்த்தார். அம்மா தலையசைத்தார்.

“இன்னும் மேல. அவர் நல்ல உயரம்.”

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஏறினார்.