எனக்கும் துடக்கு

மரியநேசன் போன கிழமை செத்துப்போனான். இந்தக் கிழமை பிள்ளையார் கோயிலில் என் பொங்கல் முறை. எனக்குச் சாவுத் துடக்கு, தீட்டோடு கோயிலுக்குள் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். எங்கள் ஊர் உருத்திரபுரத்துக்கு அது நல்ல பகிடி. முல்லைத்தீவுக் கரையில் பிறந்த மாதா கோயில் வேதக்காரன் செத்ததற்குச் சைவக்காரிக்கு என்ன துடக்காம்?

கடைசிச் சண்டையில் அவனுக்குப் பெண்சாதி பிள்ளைகள் போனார்கள். எனக்குப் புருஷனும் மகனும். முகாமில் எங்களை ஒரே கூடாரத்தில் அடைத்தார்கள். வெளியே விட்டபோது, "அக்கா, எனக்குப் போக இடமில்லை" என்றான்.

"எனக்கு மட்டும் ஆர் இருக்கினம்? வா" என்றேன்.

அன்று வந்தவன் சாகும்வரை என் வீட்டு வளவில்தான் இருந்தான். வயல் வேலை கடைசிவரை அவனுக்குப் பிடிபடவில்லை. வேலியைக்கூட வலை முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவான்; அவிழ்க்க நான் கத்தி தேட வேண்டும். ஊர் எங்களைப் பற்றி வாய்க்கு வந்ததெல்லாம் கதைத்தது. நானும் நன்றாகத் திருப்பிக் கொடுத்தேன்.

பொங்கலன்று பானையையும் விறகையும் அவன்தான் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான். கோயிலுக்குள் வரமாட்டான். எதிரே வேம்புக்குக் கீழே நிற்பான். பூசை முடிந்து, உள்ளே எல்லோருக்கும் பரிமாறிய பிறகு பொங்கின புக்கையில் ஒரு பங்கு கொண்டுபோய்க் கொடுப்பேன். "நல்ல சூடு அக்கா" என்று ஊதி ஊதிச் சாப்பிடுவான்.

அவன் செத்ததும் அவனுடைய தங்கை மகன் மெல்ரொன் வானோடு வந்து உடலை முல்லைத்தீவுக்குக் கொண்டுபோனான். இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத சனமெல்லாம் பெட்டியைச் சுற்றியிருந்து அழுதது. எனக்குக் கடைசி வரிசையில் ஒரு கதிரை தந்து இருத்தினார்கள். "மாமா இருந்த வீட்டுக்காரம்மா" என்று மெல்ரொன் யாருக்கோ சொன்னான்.

நேற்றுக் கோயில் தலைவர் முத்துலிங்கம் வீடு தேடி வந்தார். நல்ல மனுஷன்.

"அக்கா, ஐயரிட்டைக் கேட்டனான். ரத்தச் சொந்தத்துக்குத்தான் துடக்காம். உங்களுக்கு ஒண்டுமில்லை. பயப்பிடாமல் வந்து பொங்குங்கோ."

சந்தோஷமான செய்தி கொண்டுவந்ததாக நினைத்திருப்பார். அவரும் அவனை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு போனார்.

இன்று வெறுங்கையோடு போய் வேம்புக்குக் கீழே நின்றேன். உள்ளே வேறு யாரோ பொங்கினார்கள். முத்துலிங்கம் வாசலுக்கு வந்து கூப்பிட்டார்.

"என்ர தம்பி செத்துப்போனான். எனக்குத் துடக்கு" என்றேன்.

அவர் திரும்பி உள்ளே போனார். பூசை முடிந்து, உள்ளே எல்லோருக்கும் கொடுத்த பிறகு ஒரு இலையில் புக்கை கொண்டுவந்து தந்தார். வாயில் வைத்தேன்.

ஆறிக் கட்டியாகிக் கிடந்தது.