எல்லாருக்கும் இருப்பதுதான்

நர்சிங் முதலாண்டில் முதல் வாரம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எப்படி நிற்பது என்பதை. பதினெட்டு வருஷமாக நின்றுகொண்டுதானே இருக்கிறோம், இதற்கு ஒரு வகுப்பா என்று நினைத்தேன். நேராக நிற்க வேண்டும், முகம் முன்னால், கைகள் பக்கவாட்டில், உள்ளங்கை முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஆள் குப்புறப் படுத்துக் கிடந்தாலும் சரி, உடம்பைப் பற்றி எதைச் சொன்னாலும் அது இப்படி நிற்பதாக வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டுமாம். இடது என்றால் படத்தில் இருப்பவரின் இடது, பார்க்கிற நம்முடைய இடது இல்லை. லூர்தம்மாள் மிஸ் இதைச் சொல்லிவிட்டு ஐம்பத்திரண்டு பேரையும் எழுந்து அப்படியே நிற்கச் சொன்னார். எதையோ கொடுங்கள் என்று கேட்டு நிற்கிற கூட்டம் மாதிரி நின்றோம். சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள். ஆன்டீரியர் என்றால் முன்புறம், போஸ்டீரியர் என்றால் பின்புறம், ப்ராக்ஸிமல் என்றால் உடலுக்குக் கிட்டே, டிஸ்டல் என்றால் எட்டே. முன், பின், கிட்டே, எட்டே என்று இத்தனை நாள் பிழைத்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று எரிச்சலாக வந்தது. ஆனால் ஒரு மாதத்தில் அந்தச் சொற்கள் மேல் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் பிடரியைப் பார்த்தால் அங்கே எந்த எலும்பு என்று வாய் தானாகச் சொல்லும்.

புத்தகத்தைப் பார்த்துப் படித்தால் எனக்கு ஏறாது. அதனால் அம்மாவின் உடம்பில் படித்தேன். எங்கள் வீடு பேகம்பூரில். அம்மா கமர்ஜஹான் வீட்டிலேயே சமோசாவுக்கு மாவைத் தாள் தாளாகத் தேய்த்து, கல்லில் வாட்டி, அடுக்கிக் கடைகளுக்குக் கொடுப்பாள். அத்தா தோல் கிடங்கில் வேலை பார்த்தார். சாயங்காலம் நான் கல்லூரியிலிருந்து வந்ததும் அம்மா பலகைக்கு முன்னால் உட்கார்ந்து மாவு தேய்ப்பாள். நான் பின்னால் உட்கார்ந்து அவள் முதுகையும் தோளையும் கையையும் தொட்டுத் தொட்டுச் சொல்லுவேன். ஸ்கேபுலா, க்ளாவிக்கிள், ஹ்யூமரஸ். அவளுக்குக் கூச்சம் வந்து நெளிவாள். பிறகு அவளே விளையாட்டில் சேர்ந்துகொண்டாள். முழங்கையைக் காட்டி இதுக்கு என்ன பேரு என்பாள். புருவத்தைக் காட்டுவாள். நான் பேர் சொன்னால், அடேங்கப்பா, இம்புட்டு நாளா பேரு தெரியாமயே தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன் என்று சிரிப்பாள்.

தெருவில் என் பெருமை தாங்க முடியவில்லை. அம்மாவிடமிருந்து சமோசாத் தாள் வாங்கிப் போகும் மணிமேகலை அக்கா முட்டிவலி என்று வந்தால், அது பட்டெல்லா அக்கா என்பேன். பேர் சொன்னதும் பாதி வலி போய்விட்டதாக அந்த அக்காவும் சொல்லும். வைத்தியம் ஒன்றும் எனக்குத் தெரியாது. பேர் மட்டும்தான் தெரியும். அந்த வயதில் எனக்கு அதுவே பெரிய வித்தையாகத் தெரிந்தது.

ஒரு பாடம் மட்டும் வகுப்பில் நடக்கவே இல்லை. மார்பகப் படம் போட்ட பக்கம் வந்ததும் மிஸ், எல்லாரும் பொம்பளப் புள்ளைகதானே, இதை நீங்களே படிச்சுக்கோங்க என்று புரட்டிவிட்டார். நாங்களும் தலையைக் குனிந்துகொண்டு சேர்ந்து புரட்டினோம். மாதாவைக் கும்பிடுகிறவர், முருகனைக் கும்பிடுகிறவர், ஐந்து வேளை தொழுகிறவர் எல்லாரும் ஒன்றாகப் புரட்டினோம். அந்த அறையில் ஆண் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. யாருக்காக வெட்கப்பட்டோம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. வீட்டில் ஒருநாள் அந்தப் பக்கத்தை விரித்தேன். எதிரே அத்தா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மூடிவிட்டேன். பரீட்சையிலும் அது வரவில்லை.

அது நவம்பர் மாதம். அத்தா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. நான் வழக்கம்போல அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து முதுகெலும்பை மேலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா மாவுக்கையை முந்தானையில் துடைத்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் இடது அக்குளுக்குள் கொண்டுபோய் வைத்து, விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கு என்ன பேரு?"

ஊறாத கொண்டைக்கடலை போல உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. எனக்கு அதன் பேர் தெரியவில்லை. அத்தனை எலும்புக்கும் பேர் சொன்னவளுக்கு இது தெரியவில்லையே என்று மானம் போனது. அந்த நேரத்தில் என் கவலை அது ஒன்றுதான். அம்மா அன்றைக்குச் சிரிக்கவில்லை என்பதும், கதவைச் சாத்தினாள் என்பதும் எனக்கு உறைக்கவில்லை. நாளைக்கு மிஸ்கிட்ட கேட்டுட்டு வாரேன் என்றேன். அவளும் சரி என்று மாவு தேய்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் வகுப்பு முடியும்போது எழுந்து கேட்டேன். யாருக்கு என்று சொல்லவில்லை. அம்மாவின் அக்குளைப் பற்றி ஐம்பது பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? பாடத்தில் சந்தேகம் கேட்கிறவள் மாதிரிக் கேட்டேன். அக்குளில் கைக்கு உருண்டையாகத் தட்டுப்படுகிறதே, அது என்ன மிஸ் என்றேன். மிஸ்ஸுக்கு அப்படியொரு சந்தோஷம். தானாகத் தொட்டுப் பார்த்துப் படிக்கிறவள் இவள் ஒருத்திதான் என்று எல்லாரிடமும் சொன்னார். அது ஆக்ஸில்லரி லிம்ஃப் நோட், நிணநீர் முடிச்சு, எல்லாருக்கும் இருக்கும், ஒரு பக்கத்துக்கு இருபது முப்பது இருக்கும் என்றார். உச்சரிப்பைத் திருத்தி இரண்டு முறை சொல்ல வைத்தார். யாருக்கு, எவ்வளவு பெரியது, எத்தனை நாளாக என்று அவரும் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேனா?

பரிசு வாங்கியவள் போல வீட்டுக்கு ஓடினேன். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. "அம்மா, அது எல்லாருக்கும் இருக்கும். ஒனக்கு இருபது முப்பது இருக்காம். எனக்கும் இருக்கு. புக்குலயே போட்டுருக்கு" என்றேன்.

அம்புட்டா என்று கேட்டாள். பிறகு, அப்பச் சரி என்றாள். அன்றைக்கு அவள் பசியாகச் சாப்பிட்டாள். வெஞ்சனம் போதவில்லை என்று எனக்கு வைத்திருந்த முட்டையில் பாதியைப் பிய்த்துக்கொண்டாள். அதற்கு முன் பத்துப் பதினைந்து நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலாண்டுப் பாடத்தில் இருக்கிற உடம்புக்கு நோய் வராது. அதில் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருக்கும். நோய் அடுத்த வருஷத்துப் பாடம். எது ஒன்றுக்குப் பேர் இருக்கிறதோ அது நல்லது என்று நான் நம்பிவிட்டேன். முதலாண்டுக்காரி அப்படித்தான் நம்புவாள். நம்பினதோடு விட்டிருக்கலாம். அம்மாவிடம் போய்ச் சொல்லித் தொலைத்தேன்.

நடுவில் மணிமேகலை அக்காவிடம் அம்மா இதைச் சொல்லியிருக்கிறாள். பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வந்துரு கமரு என்று அந்த அக்கா இரண்டு முறை சொல்லியிருக்கிறது. எம் மக அதுக்குத்தான் படிக்கிறா, கேட்டுட்டேன், ஒண்ணுமில்லையாம் என்று அம்மா அடித்துச் சொல்லிவிட்டாள். படிப்பு என்ன என்று தெரியாத அந்த அக்கா சரியாகச் சொன்னது. படித்த நான் இப்படிச் சொன்னேன்.

அடுத்த ஜூலையில் எங்களைப் பெண்கள் வார்டில் வேலை பழகப் போட்டார்கள். குஜிலியம்பாறைப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மாள் படுத்திருந்தார். வார்டு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, அக்குளில் தட்டுப்படுகிறதா பார் என்றார். சாதாரணமாக இது கைக்கே தெரியாது, தெரிந்தால், அதுவும் கெட்டியாக இருந்தால், உடனே மார்பைப் பார்க்க வேண்டும், அங்கே வந்த நோய் முதலில் பரவுவது இங்கேதான் என்றார். கையை வைத்தேன். அதே கொண்டைக்கடலை. என் விரலுக்கு அது ஏற்கெனவே தெரிந்ததுதான். வார்டை விட்டு வெளியே வந்தேன். நாங்கள் புரட்டிவிட்ட பக்கத்தை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். சிஸ்டர் சொன்னது அதில் மூன்றாவது பத்தியில் இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ரவிக்கையைக் கழற்றச் சொன்னேன். முதலில் மறுத்தாள். நான் அழுவதைப் பார்த்ததும் கழற்றினாள். இடது மார்பில் ஒரு பக்கம் தோல் உள்ளே இழுத்துக்கொண்டு, தொட்டால் கல்லாக இருந்தது. முதுகுவலி என்று இரண்டு மாதமாகத் தைலம் தேய்த்துவிட்டவளும் நான்தான். ஏம்மா சொல்லல, ஏம்மா சொல்லல என்று அவளைப் போட்டு உலுக்கினேன்.

"சொன்னேனேம்மா. ஒன் கையப் புடிச்சுக் காட்டுனேனே" என்றாள். அதில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. என் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டேதான் சொன்னாள். ஒரு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மதுரைக்குக் கூட்டிப்போனோம். பெரிய டாக்டர், எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ஒரு மாசமா இருக்கு என்று கூசாமல் பொய் சொன்னாள். எட்டு மாசம் சார் என்றேன் நான். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்து, நீ என்னம்மா படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் குனிந்து எழுத ஆரம்பித்தார். அத்தா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் எல்லா ரிப்போர்ட்டும் வந்தது. அத்தா போய் வாங்கிவந்தார். வீட்டு முன்னறையில் மாமா நூர் முகமதுவும் உறவில் இன்னும் நாலு ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். உறையைப் பிரிக்காமலே அத்தா என் கையில் கொடுத்து, நீதான் படிச்ச புள்ள, பாத்துச் சொல்லு என்றார். நான்கு பக்கம் இருந்தது. ஒரு சொல்லுக்குக்கூட எனக்குத் தடுமாற்றம் வரவில்லை. எந்தப் பக்கம், எந்த எலும்பு, மேலிருந்து எத்தனையாவது, ஈரலில் எந்த மடல் என்று ஒன்றுவிடாமல் புரிந்தது. மருந்து குடுத்துப் பாக்கலாம்னு போட்டுருக்குத்தா என்றேன். மாமா அல்ஹம்துலில்லாஹ் என்றார். அத்தா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவங்ககிட்டச் சொன்னதை விடு, இப்ப எனக்குச் சொல்லு என்றாள். நான் ரிப்போர்ட்டைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தேன். பேராக வேண்டாம், தமிழில் சொல் என்றாள். இவளிடம் இன்னொரு முறை பேர் சொல்லித் தப்பிக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி வந்தது.

"மாருல கேன்சர்ம்மா. ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் போயிருச்சு. இனிமே அறுத்து எடுக்க முடியாதாம்."

அந்த வீட்டில் மாரு என்ற சொல்லை வாய்விட்டு ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா என்னைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவைப் பார்த்தாள். முன்னறையில் பேச்சு நின்றிருந்தது. அவள் சேலையை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டாள்.

"மெதுவாச் சொல்லும்மா" என்றாள். "வெளிய ஆம்பளைங்க இருக்காங்க."