டவர் பாறையில் கடைசி வட்டம்

திட்டம் போடுவதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. போட்ட திட்டம் நடந்ததாகத்தான் சரித்திரம் இல்லை. நாலு பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு மத்தியானம் செல்போனில் கேம் விளையாட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்காகப் பழனி மலை அடிவாரத்திலிருந்து கேரள எல்லை வரைக்கும் இடம் தேடினோம் என்றால் எவராவது நம்புவார்களா?

வீட்டுக்குள் விளையாட வழியில்லை. கொடைக்கானல் பஜாரில் எங்கள் அத்தாவின் ஸ்வெட்டர் கடைக்கு மேல்தான் வீடு. "சுடு, சுடு, தலையிலேயே சுடு" என்று நான் ஒருமுறை மாடியில் கத்தியதில், கீழே குல்லா வாங்கிக்கொண்டிருந்த ஒரு கோயம்புத்தூர் குடும்பம் குல்லாவைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து மஹ்ஜபின் என்கிற எனக்கு வீட்டுக்குள் துப்பாக்கி பிடிக்கத் தடை.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு பேர் ஒரு டீம். ஒரு தீவில் குதித்து, துப்பாக்கி பொறுக்கி, மற்ற டீம்களைக் காலி பண்ண வேண்டும். தீவைச் சுற்றி ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசி வட்டத்துக்குள் உயிரோடு நிற்கிற டீம் ஜெயித்தது. அடிபட்டு விழுந்தவரைக் கூட்டாளி ஓடிவந்து தூக்கிவிடலாம், தூக்குகிறவருக்கு உயிர்மேல் ஆசை இல்லாதபட்சத்தில்.

எங்கள் கேப்டன் ஜுபைர் அண்ணன். என் பெரியம்மா மகன், பழனி பஜாரில் பேக் கடை. கேப்டன் என்று அவனை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவனே சொல்லிக்கொண்டான். அடுத்தவன் யோகராஜ், வடகவுஞ்சி. காப்பிக்கொட்டையும் பலாப்பழமும் ஏற்றுகிற குட்டியானை வண்டி ஓட்டுகிறான். அவன் வீட்டுப் பெரியவர்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அதனால் எந்தச் சண்டைக்கு நடுவிலும் "ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாறேன்" என்று நிதானமாகப் போவான். நாலாவது ஆள் சுரேந்திரன். கேரள எல்லையோரம் கிளாவரையில் கேரட்டும் பூண்டும் போடுகிற வீட்டுப் பிள்ளை. அவனை நாங்கள் மூவரும் நேரில் பார்த்ததே இல்லை. எங்களுக்கு அவன் வெறும் குரல்தான்.

பிரச்சினையும் அவன்தான். சாயங்காலம் விளையாட்டு ஆரம்பித்தால் பிரமாதமாக ஆடுவான். கடைசி வட்டம் வந்ததும், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது, அவன் ஆள் மட்டும் அப்படியே மரமாக நின்றுவிடும். எவனாவது சாவகாசமாக வந்து சுட்டுவிட்டுப் போவான். எல்லாம் முடிந்த பிறகு குரல் வரும்: "சிக்னல் போயிருச்சுங்க."

"அதெப்படிலே கரெக்டா கடைசி வட்டத்துல மட்டும் சிக்னல் போகுது?" என்று ஜுபைர் அண்ணன் கத்துவான். "பயந்தாங்கொள்ளி. தோத்தா ஏசுவாங்கன்னு ஆஃப் பண்ணிட்டு ஓடிர்றான்."

திண்டுக்கல் கல்லூரிப் பையன்கள் சிலர் 'மலைக்கிண்ணம்' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு ஆன்லைன் போட்டி அறிவித்தார்கள். ஜெயிக்கிற டீமுக்கு ஆளுக்கொரு ஹெட்போன். ஜுபைர் அண்ணன் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டான். பாலசமுத்திரத்தில் சிவமுருகன் என்று ஒருத்தன் இருக்கிறான், வீட்டில் வொய்ஃபை, டீமில் சேரத் துடிக்கிறான். "மலைக்கிண்ணத்துல சுரேந்திரன் இன்னொரு தடவ நின்னான்னா அதோட சரி. சிவமுருகன் உள்ள, இவன் வெளிய."

எனக்கு அதில் சம்மதமில்லை. காரணம் இருக்கிறது. நான் முதன்முதலாக விளையாடிய அன்று, குதித்த உடனே அடிபட்டு வெட்டவெளியில் விழுந்து கிடந்தேன். அண்ணன் சிரித்தான். யோகராஜ் பிளேன்டீ குடிக்கப் போயிருந்தான். சுரேந்திரன் ஒருத்தன்தான் குண்டுமழைக்கு நடுவே ஓடிவந்து, "பயப்படாதீங்க, தூக்கிர்றேன்" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தூக்கிவிட்டு, தான் செத்துப்போனான். பெயர்கூடத் தெரியாத ஒருத்திக்காகச் செத்தவனைப் பயந்தாங்கொள்ளி என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

அதனால்தான் நான் சொன்னேன், போட்டியை நாலு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து விளையாடுவோம் என்று. பார்ட்டி மாதிரி. அப்போது சிக்னல் போகிறதா, ஆள் போகிறானா என்று தெரிந்துவிடும்.

இடம் தேடும் படலம் தொடங்கியது. அண்ணன் பாலசமுத்திரம் பக்கத்து அணைக்கட்டுக் கரையைச் சொல்லி, தானே போய்ச் சோதித்துப் பார்த்தான். வெயிலில் திரை தெரியவில்லை. போன் சூடாகி, தானே அணைந்தது. யோகராஜ் அவர்கள் ஊரில் ஒரு பலா மரத்தடியைச் சொன்னான். "நல்ல நிழல்ங்க. பழம் பழுத்தா யானை வரும், அவ்வளவுதான்" என்றான். நான் ஏரிக்கரையைச் சொன்னேன். போய் உட்கார்ந்து போனை எடுத்த மறு நிமிடம் ஒரு குரங்கு என் பவர் பேங்கைப் பிடுங்கிக்கொண்டு மரமேறியது. சுற்றுலா வந்தவர்கள் எல்லாரும் அதைப் படம் பிடித்தார்கள், எனக்காக ஒருவர்கூடக் கல்லெடுக்கவில்லை.

"அப்ப சுரேந்திரன் ஊருக்கே போவோம்" என்றான் அண்ணன். "எந்த எடத்துல இவனுக்கு சிக்னல் போகுதோ அங்கயே நானும் உக்காருறேன். போனா எனக்கும் போகணும்ல?"

மறுமுனையில் சுரேந்திரன், "வாங்க... ஞாயித்துக்கிழமைனா மத்தியானம் அவ்வளவா ஆளு வராது" என்று இழுத்தான். யார் வர மாட்டார்கள், எங்கே வர மாட்டார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பிரியாணி கொண்டுபோவதா, சப்பாத்தியா என்கிற விவாதத்தில் அது மறந்துபோனது. கிளாவரையில் ஒரே ஒரு கம்பெனி டவர்தான் எடுக்கும் என்றதால் எல்லாரும் அந்த சிம்மை வாங்கினோம். கேரட் தோட்டம் பார்க்கப் போகிறோம் என்று அத்தாவிடம் சொன்னபோது, "கேரட்டு நம்ம மார்க்கெட்லயே கெடக்கே" என்றார். ஜுபைர் அண்ணன் கூட வருவதால் மட்டும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே யோகராஜின் குட்டியானை வந்து நின்றது. முன்னால் எனக்கும் பிரியாணிச் சட்டிக்கும் இடம். கேப்டன் பின்னால், காலிச் சாக்குகளோடு. பூம்பாறை தாண்டி, மன்னவனூர் தாண்டி, வளைவுக்கு வளைவு பின்னாலிருந்து திட்டு கேட்டுக்கொண்டே வந்தது.

கிளாவரையில் இறங்கியதும், ஒல்லியாக, குல்லா போட்ட ஒருத்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "வாங்க" என்றான். அதே குரல். எனக்கு ஏனோ அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அண்ணன் மட்டும் ஒரு 'ம்' போட்டுவிட்டு, "எங்க உன் சிக்னலு?" என்றான்.

தைல மரங்களுக்கு நடுவே ஏறினால், ஊருக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. மேலே நாலு பேர் நெருக்கி உட்காரலாம். டவர் பாறை என்று பெயராம். அதில் ஏறினால் போனில் சிக்னலுக்கு முழுக் கம்பிகள். அடியில் செருப்பைக் கழற்றிப் போடச் சொன்னான் சுரேந்திரன். "கோயிலாலே இது?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் தன் புது ஷூவைக் கழற்றினான்.

பார்ட்டி களைகட்டியது. பிரியாணி, பிளேன்டீ, எதிரே கேரட் வயல்களின் பச்சைப் படிகள், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் மேகம். போட்டி ஆரம்பித்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவது எவ்வளவு சுகம்! சுரேந்திரன் வாயைத் திறக்காமலே முழங்கையால் இடித்து எதிரி இருக்கும் திசையைக் காட்டினான். யோகராஜ் பிளேன்டீயை மறந்தான். ஒரு கட்டத்தில் ஜுபைர் அண்ணனே, "அடிச்சான் பாரு நம்ம சுரேந்திரன்!" என்று தொடையைத் தட்டினான். நம்ம சுரேந்திரன் என்றான். என் காதால் கேட்டேன்.

கடைசி வட்டம் வந்தது. எங்களைத் தவிர மிச்சம் ஒரே ஒரு டீம். கம்பிகள் முழுதாக நின்றன. மலைக்கிண்ணம் கைக்கு எட்டுகிற தூரம்.

அப்போதுதான் கீழே செருப்புச் சத்தம் கேட்டது.

ஒரு அம்மா மேடேறி வந்திருந்தார். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கையெல்லாம் தோட்டத்து மண், இடுப்பில் பட்டன் போன். செருப்பைக் கழற்றி எங்கள் செருப்புகளின் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார். சுரேந்திரன் எழுந்துவிட்டான்.

"உக்காருலே!" அண்ணன் அவன் சட்டையைப் பிடித்தான். "கடைசி வட்டம்!"

"எறங்குங்கண்ணே. பாப்பம்மாக்கா பேசணும்."

"பேசட்டும். நாம ஒரு ஓரமா இருப்போம். யாரு வேணாங்கிறா?"

"அப்படி முடியாதுண்ணே. இங்க ஒருத்தர் பேச ஏறுனா மத்தவங்க எறங்கிரணும். ஒரு வீட்டுப் பேச்சு இன்னொரு வீட்டுக் காதுல விழக்கூடாது. ஊரு வழக்கம்."

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. சாயங்காலம், தோட்டவேலை முடிந்து ஊரே போன் பேச வருகிற நேரம். ஒவ்வொரு நாளும், யாரோ ஒருவர் கீழே செருப்பைக் கழற்றி வைத்த சத்தம் கேட்டு, இவன் எழுந்து இறங்கியிருக்கிறான்.

"அப்ப சிக்னல் போச்சுன்னு சொன்னதெல்லாம்?" என்றேன்.

"பாறைய விட்டு எறங்குனா சிக்னல் போயிரும்ங்க. பொய் சொல்லல." தலையைக் குனிந்துகொண்டான். "தெனமும் இப்படித்தான் பாதியில போவேன்னு தெரிஞ்சா என்னைய டீம்ல வச்சிருப்பீங்களா? எனக்கு வேற கூட்டாளி யாரு இருக்கா?"

அண்ணன் அவன் சட்டையை விட்டான். கீழேயிருந்து பாப்பம்மாள் சொன்னார்: "வெளையாண்டு முடிங்கப்பா. நான் நிக்கிறேன். மகளைப் பிரசவத்துக்கு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாகன்னு காலையில சொன்னாக. அதுக்கப்புறம் சேதி இல்ல. அதான். நீங்க முடிங்க."

சுரேந்திரன் அதற்குள் கீழே இறங்கிவிட்டான். நான் இறங்கினேன். யோகராஜ் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு இறங்கினான். ஜுபைர் அண்ணன் ஒருத்தன் மட்டும் பாறைமேல், போனைப் பார்க்கிறான், பாப்பம்மாளைப் பார்க்கிறான், மறுபடி போனைப் பார்க்கிறான். அந்த அம்மா முந்தானையால் போனைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அட போங்கய்யா" என்று எரிச்சலோடு எழுந்தான். இறங்கும்போது கையைக் கொடுத்து அவரை மேலே ஏற்றிவிட்டதும் அவன்தான். ஆனாலும் சுபாவம் விடவில்லை. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி தைல மரங்களுக்கிடையே வெறுங்காலோடு அங்குமிங்கும் ஓடினான். ஒவ்வொரு கம்பியாக அணைந்தது. நெருஞ்சியோ என்னவோ காலில் குத்தி, "யா அல்லா" என்று உட்கார்ந்துவிட்டான்.

நாங்கள் பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். மேலே பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. நான் அல்லாவிடம் வேண்டிக்கொண்டேன், கிண்ணத்துக்காக அல்ல.

"ஏலே சுரேந்திரா!" மேலேயிருந்து குரல் வந்தது. அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "பொம்பளப் புள்ளடா! ரெண்டு உசுரும் சொகமா இருக்காம்!"

யோகராஜ் பிளாஸ்க் மூடியில் பிளேன்டீயை ஊற்றி, "முதல்ல இதக் குடிங்க அம்மா" என்று நீட்டினான். நான் மிச்சப் பிரியாணியை அவருக்கு ஒரு தட்டில் வைத்தேன். பாறையில் மறுபடி ஏறிப் பார்த்தால், நாங்கள் நாலு பேரும் மரங்களாக நின்று செத்துக் கிடந்தோம். ஹெட்போன் வேறு யாருக்கோ போய்விட்டது.

திரும்பி வரும்போது பின்னாலிருந்து திட்டு வரவில்லை. அதுவே பயமாக இருந்தது. பூம்பாறையில் வண்டியை நிறுத்தியபோது அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி, "சிவமுருகன்கிட்ட டீம்ல எடம் இல்லைன்னு சொல்லிரு" என்றான். கொஞ்சம் கழித்து, "நானே சொல்லிக்கிறேன்" என்றான்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் விளையாடிக்கொண்டிருந்தோம். கடைசி வட்டம். வழக்கம்போல சுரேந்திரனின் ஆள் அப்படியே நின்றுவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், இப்போது அண்ணன் கத்துவான் என்று.

"யாரும் நகராதீங்க" என்றான் ஜுபைர் அண்ணன். "பாறையில ஆள் ஏறியிருக்காக. யோகு, நீ அவனுக்கு இடது பக்கம். மஹி, நீ பின்னாடி. பேசி முடிக்கட்டும்."

நின்றுபோன சுரேந்திரனைச் சுற்றி மூன்று பேரும் முதுகைக் கொடுத்து நின்றோம். நாலு பக்கமும் குண்டு. வெட்டவெளி. விளையாடத் தெரிந்தவர் எவரும் செய்யாத காரியம். யோகராஜ் போனான். நான் போனேன். அண்ணன் அடிபட்டு விழுந்து, சுரேந்திரனின் காலடியிலேயே கிடந்தான். திட்டவில்லை.

அப்போது அந்த மரம் அசைந்தது. "வந்துட்டேண்ணே, தூக்கிர்றேன்" என்று மூச்சிரைக்கச் சொன்னான் சுரேந்திரன். "பாப்பம்மாக்கா வந்தாக. பேத்திக்குப் பேரு வச்சிட்டாகளாம்."

"தூக்குறது இருக்கட்டும்லே" என்றான் ஜுபைர் அண்ணன், குண்டுகளுக்கு நடுவே படுத்தபடியே. "என்ன பேரு வச்சாக? அத மொதல்ல சொல்லு."