மணி அடித்தால் எரிய ஒரு விளக்கு

1

பல் டாக்டரின் வரவேற்பறையில் கைப்பேசிச் சத்தத்தை அணைத்து வைத்திருந்ததால்தான் இந்தக் கதை பிறந்தது. திரையில், காது கேளாத மூன்று பெண்கள் தையல் ஆலை வாசலில் நின்று கையால் பேசினார்கள். நடுவில் நின்றவள் யாரையோ வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். கைமொழி தெரியாத எனக்கே அது புரிந்தது.

வீட்டுக்கு வந்து சத்தத்தோடு போட்டால், பின்னணியில் பிடில் அழுகிறது. கீழே அழுகிற எமோஜிகள் குவிந்து கிடக்கின்றன. மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

மௌனம் என்னும் கடலில் அவள் ஒரு

(வேண்டாம். நானும் பிடிலை எடுக்கிறேன்.)

மறுபடி. நடுவில் நின்றவளைக் காஜாக்காரி என்போம். சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைப்பவள். தீ ஒத்திகையன்று மணி அடித்ததும் ஆலையே வாசலுக்கு ஓடியது. காஜாக்காரியும் இரண்டு தோழிகளும் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்த மேற்பார்வையாளர், "நல்லவேளை, நெசத் தீ இல்ல" என்று சிரித்தார்.

மணியோடு சேர்ந்து எரிய ஒரு விளக்கு வையுங்கள் என்று மூவரும் கேட்டார்கள். பார்க்கலாம் என்றது நிர்வாகம். அதனால்தான் காணொளி போட்டார்கள். அதை ஒரு நல்லெண்ணக்காரர்* எடுத்து, கீழே ஓடிய எழுத்துகளை வெட்டி, பிடிலைச் சேர்த்து ஊரெல்லாம் பரப்பினார்.

*கேட்காமலே உதவி செய்து, நன்றியை மட்டும் கேட்டு வாங்குபவர்.

3

காஜாக்காரியின் காது கேட்கும் தங்கைதான் விஷயத்தைச் சொன்னாள். (கையால் பேசியதை வாய்ப்பேச்சாக எழுதுகிறேன். வேறு வழி தெரியவில்லை.)

"அக்கா, பின்னாடி அழுகாச்சிப் பாட்டு ஓடுது."

"எதுக்கு? நாங்க அழவே இல்லையே. திட்டினோம்ல?"

"பாக்குறவங்க எல்லாரும் அழுறாங்க. உன் கை ரொம்ப அழகாம்."

"விளக்கப் பத்தி?"

"ஒருத்தரும் கேக்கல."

காஜாக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே மூவரும் இன்னொரு காணொளி போட்டார்கள். முகம் இல்லை, பாட்டு இல்லை. மணியும், அதன் பக்கத்தில் வெறும் சுவரும் மட்டும். மேலே கொட்டை எழுத்தில், 'மணி அடிச்சா எங்களுக்கு யார் சொல்லுவா?'

பார்த்தவர்கள் எல்லாரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அதிலும் ஒருவர், "சவுண்டு வரலையே" என்று குறைப்பட்டிருந்தார்.

4

முடிவு ஒன்று: நிர்வாகம் விளக்கு வைக்கிறது. (எனக்கே நம்பிக்கை வரவில்லை. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: நிர்வாகம் விழா வைக்கிறது. பூங்கொத்து, கேடயம், கைதட்டல். மேடையேறிய காஜாக்காரி, விளக்கு எங்கே என்று கையால் கேட்கிறாள். மொழிபெயர்க்க வந்தவர் மைக்கைப் பிடித்து, "எல்லாருக்கும் நன்றி சொல்றாங்க" என்கிறார். (இது நடக்கும். அதனால்தான் எழுதவே அருவருப்பாக இருக்கிறது.)

முடிவு மூன்று: ஆலையில் புகை. மணி அடிக்கிறது. எல்லாரும் ஓடுகிறார்கள். காஜாக்காரி வாசலுக்கு முதுகைக் காட்டியபடி, அடுத்த சட்டையை ஊசிக்கடியில் நகர்த்துகிறாள். தோழிகளும்

இதற்கு மேல் எழுத மாட்டேன். மணி உங்களுக்குக் கேட்கிறது அல்லவா? திரையில் இருக்கும் இதயத்தை அப்புறம் அழுத்திக்கொள்ளலாம். போய் அவள் தோளைத் தொடுங்கள்.