சாவி கொடுக்கும்போது சொன்னது

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. புதிதாக வீடு வாடகைக்கு விடுவோருக்கு நாலு யோசனை எழுதித் தரச் சொல்லி ஒரு பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குப் போடுங்கள். கரண்ட் மீட்டர் தனியாக இருக்கட்டும். குடிவரும் முன்பே சுவர்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். நான்காவது யோசனைக்கு வந்தபோது அறிவுச்செல்வி குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

2

குமாரபாளையத்தில் மாடி கட்டி, முதன்முதலாக வாடகைக்கு விட்டவள் அவள். குடிவந்தவர்கள் தறி ஓட்டும் மாரியப்பனும் அவன் மனைவி பிரபாவும்.

(பிரபாவை முதல் வரைவில் 'நோயாளி' என்றே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். குடிவந்த மறுநாளே கீழ்வீட்டுக்கு ஆட்டையாம்பட்டி முறுக்கு கொண்டுவந்து கொடுத்து, ஒரு மணி நேரம் வாயாடிவிட்டுப் போனவள் அவள்.)

எங்கள் பக்கத்தில் சாவி கொடுக்கும்போது, எந்தப் பத்திரத்திலும் எழுதாத ஒரு பேச்சு உண்டு. வாடகை வீட்டில் உயிர் போகக் கூடாது. ஆகாத நட்சத்திரத்தில் போய்விட்டால் வீட்டை மாதக்கணக்கில் அடைத்துப் போட வேண்டும். அறிவுச்செல்வியும் அதைச் சொன்னாள், மாரியப்பனும் தலையாட்டினான். பிரபாவுக்கு முப்பத்திரண்டு வயது. பேச்சுக்குத்தானே என்று இருந்துவிட்டார்கள்.

3

நாலாம் மாதம் பிரபாவுக்கு ஈரலில் புற்று என்றார்கள். எட்டாம் மாதம் மாரியப்பன் தனியாக வந்து நின்றான்.

"ஏனுங்கக்கா, ஆஸ்பத்திரியில ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

"எந்த ஊட்டுக்குங்க தம்பி?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே உறைத்தது.

"ஓமலூர்ல அண்ணன் ஊடு இருக்குதுங்க. சொன்ன சொல்லு ஞாபகம் இருக்குதுங்க. ஆனா அவ நம்ம மாடிக்கே போலாங்கறா."

அறிவுச்செல்வியின் கண்கள் கலங்க, அவள்...

இல்லை. கலங்கவில்லை. உள்ளே போய் நாள்காட்டியில் இன்றைக்கும் நாளைக்கும் என்ன நட்சத்திரம் என்று பார்த்தாள். பார்க்கும்போதே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அடுத்த வாரம் வரைக்கும் பார்த்தாள்.

4

முடிவு ஒன்று: வண்டி ஓமலூருக்குப் போகிறது. பெரும்பாலும் நடப்பது இதுதான். எழுதக் கை வரவில்லை.

முடிவு இரண்டு: மாடிக் கதவைத் திறந்துவிடுகிறாள். எழுதியும் விட்டேன். படித்துப் பார்த்தால், அவளை நல்லவளாக்கி நான் பெயர் வாங்கிக்கொள்வது பச்சையாகத் தெரிந்தது. கிழித்துவிட்டேன். சங்ககிரியில் எனக்கும் ஒரு வாடகை வீடு இருக்கிறது. சாவி கொடுக்கும்போது நானும் அதையேதான் சொன்னேன்.

5

ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. பின்கதவு திறந்திருக்கிறது.

"இங்க எறக்கறதுங்களா, ஓமலூருங்களா?" என்கிறார் டிரைவர்.

மாரியப்பன் அறிவுச்செல்வியைப் பார்க்கிறான். அவள் என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன். சொந்தமாக வீடு வைத்திருக்கும் யாராவது பதில் சொல்லுங்கள். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். படுத்திருந்தாலும் பிரபாவுக்குக் காது நன்றாகவே கேட்கிறது.